கஜா சாய்ச்ச இடத்துல ஒரு நாட்டு அத்தி: ஆறு வருஷ அனுபவம்

வாசல்ல நிழல் இல்லாம போனா வீடு எப்படி இருக்கும்னு எனக்கு 2018 நவம்பர் 16 காலைலதான் தெரிஞ்சுது. ராத்திரி பூரா கஜா புயல் அடிச்சு ஓஞ்சு, விடிஞ்சதும் கதவைத் திறந்தா வானம் மூட்டமாத்தான் இருக்கு, ஆனா வாசலெல்லாம் ஒரே வெளிச்சம், அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த வாசல்ல நான் பாத்ததே இல்ல. மேற்கால நின்ன மாமரம் வேரோட சாஞ்சு கெடக்கு. கொல்லையில 42 தென்னை இருந்துச்சு, அஞ்சுதான் மிச்சம். வரப்போரத்துல இருந்த பனை மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னுச்சு. எங்க ஊரு பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவுல, அந்த வட்டாரத்துல இருந்தவங்களுக்கு நான் மேல சொல்ல வேண்டியதில்ல.

தென்னைக்காவது கணக்கு எடுத்தாங்க, நிவாரணம் குடுத்தாங்க, கன்னு குடுத்தாங்க. போன நிழலுக்கு யாரும் கணக்கு எடுக்கல. 2019 சித்திரைல மேற்கு செவுரு சாயந்தரம் ஆறு மணிக்குக் கை வச்சா சுடும், அப்பாவுக்கு அப்பதான் உடம்புக்கு முடியாம படுத்துருந்தாரு, அந்த ரூம்ல மத்தியானம் படுக்கவே முடியல, கட்டிலத் தூக்கிட்டு வீட்டைச் சுத்தி நிழல் எங்க விழுதோ அங்க போட்டுக்கிட்டே இருந்தோம். சீக்கிரமா வளர்ற மரம் ஒண்ணு வேணும்னு நான் தேட ஆரம்பிச்சது அப்பதான்.

கேட்டவங்க எல்லாம் ஆளுக்கொண்ணு சொன்னாங்க. தூங்குமூஞ்சி வைங்க, அஞ்சே வருஷத்துல குடை மாதிரி விரியும்னு ஒருத்தர். அது தென் அமெரிக்கா பக்கத்து மரம், நிழல் நல்லாத்தான் தரும், ஆனா காத்துக்குக் கிளை ஒடியிறத எங்க ரோட்டுலயே பாத்துட்டேன். நர்சரில கேட்டா கோனோகார்பஸ் எடுத்துட்டுப் போங்க, தண்ணியே வேணாம், ஆடு மாடு கடிக்காதுன்னு சொன்னாங்க. ஆடு மாடு கடிக்காது, பூச்சி அண்டாது, குருவி பழம் திங்க வராது, அப்படின்னா அந்த மரம் யாருக்குன்னு எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. (அப்புறம் 2023ல குஜராத்ல அந்த மரத்துக்குத் தடையே போட்டாங்க.) புங்கன், பூவரசு, வேம்பு எல்லாம் நம்ம மரம், அதுல எது வச்சாலும் நல்லதுதான், இப்பவும் கொல்லையில ரெண்டு புங்கன் வச்சிருக்கேன். ஆனா நான் வாசலுக்கு வச்சது நாட்டு அத்தி. அந்த யோசனை எங்க பெரியப்பாவோடது.

"ஏன்டா தம்பி, புதாத்துக் கரையில அத்தி நிக்கிதே, போத்து ஒடிச்சாந்து நடு. தண்ணி பட்டுச்சுன்னா ஆள் கணக்கா வளரும்டா"னு சொன்னாரு. புதாறுன்னா கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணை கட்டுன காலத்துல வெட்டுனது, எங்க பக்கம் எல்லாரும் புதாறுன்னுதான் சொல்லுவோம். அத்தி ஆத்தங்கரை மரம். பெரியவங்க கிணறு வெட்ட இடம் பாக்குறப்ப அத்தி நிக்கிற இடத்துல மேலாகவே தண்ணி கெடைக்கும்னு சொல்றதும் அதனாலதான்.

அம்மாதான் மொதல்ல வேணாம்னாங்க. வீட்டு வாசல்ல அத்தி வைக்கலாமா, பழம் விழுந்து பூச்சியா வரும், ஆகாதுன்னு யாரோ சொல்லிருக்காங்க. ஆனா அந்த வருஷம்தான் காஞ்சிபுரத்துல அத்தி வரதர் வெளிய வந்தது, 40 வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணிக்குள்ள இருந்து எடுத்து 48 நாள் தரிசனத்துக்கு வைப்பாங்க, 2019 ஜூலை 1ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 17 வரைக்கும். அம்மா எங்க அத்தாச்சியோட பஸ் புடிச்சுப் போயி எட்டு மணி நேரம் வரிசைல நின்னு பாத்துட்டு வந்தாங்க. அந்தச் சிலையே அத்தி மரத்துல செஞ்சதுதானே. வந்து மறுநாள் காலைல "சரி, வைடா"ன்னுட்டாங்க.

முக்கியமான ஒண்ண இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா இதுல நான் ஒரு தடவை ஏமாந்தேன். நர்சரில போயி அத்தின்னு கேட்டா பெரும்பாலும் சீமை அத்தியத்தான் எடுத்துக் குடுப்பாங்க, கடைல காயவச்சு விக்கிற அத்திப்பழத்தோட மரம். அது நல்ல பழமரம்தான், ஆனா நிழல் மரம் இல்ல, குட்டையா நிக்கும். எனக்கும் அதைத்தான் குடுத்தாங்க, 150 ரூபா. இலையப் பாத்தாலே தெரியும். சீமை அத்தி இலை கை விரலை விரிச்ச மாதிரி பிரிஞ்சு சொரசொரன்னு இருக்கும். நாட்டு அத்தி இலை பிரியாது, நீட்டமா நுனி கூரா வழுவழுன்னு இருக்கும். பேயத்தின்னு இன்னொண்ணு இருக்கு, அது இலை எதிரெதிரா ஜோடியா வரும், தடவுனா உப்புத்தாள் மாதிரி இருக்கும். இந்த மூணையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு போங்க. இல்லன்னா பெரிய மரம் ஒண்ணு காய்ச்சு நிக்கிறதை நேர்ல பாத்து அதுலேர்ந்தே போத்து எடுங்க, அதுதான் ஏமாத்தமே இல்லாத வழி. நாட்டு அத்திக்குப் பழம் அடிமரத்துலயும் பெரிய கிளையிலயும் கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு நிக்கும், தூரத்துலேர்ந்தே தெரியும்.

போத்துன்னா தெரியாதவங்களுக்கு: விரல் தண்டி குச்சி இல்ல, மணிக்கட்டு கனத்துக்கு ஆறடி ஏழடி நீளக் கிளை. விதைல இருந்தும் வளக்கலாம், ஆனா விதை கடுகை விடப் பொடிசு, நாத்து ஆளாகறதுக்கே ரொம்ப நாளாகும், காய்க்கவும் அதிக வருஷம் எடுக்கும். போத்துல வச்சா மொத ரெண்டு மூணு வருஷம் மிச்சம். ஆனா ஆல், பூவரசு மாதிரி வெட்டி நட்ட உடனே புடிக்கிற மரம் இல்ல அத்தி. நான் நட்டது மூணு போத்து, புடிச்சது ஒண்ணு. ஏன் ரெண்டு போச்சுன்னு யோசிச்சுப் பாத்தா ரெண்டுமே என் கைத்தப்பு. ஒண்ணை தழை நெறஞ்சு நின்ன கிளைலேர்ந்து வெட்டிட்டேன், இலையெல்லாம் கழிச்சுட்டுத்தான் நட்டேன், இருந்தாலும் பத்தே நாள்ல சுருங்கிப் போச்சு. இன்னொண்ணு அடி அழுகிடுச்சு, தண்ணி நெறைய ஊத்துனா சீக்கிரம் வேர் விடும்னு நெனச்சு தினமும் ஊத்துனேன், குழி சேறாவே கெடந்துச்சு. புடிச்சது எதுன்னா, இலை உதிந்து கணுவுல மொட்டு புடைச்சுக்கிட்டு இருந்த கிளைலேர்ந்து பெரியப்பா வெட்டுனது. அடியச் சாய்வா ஒரே வெட்டுல வெட்டி, பால் வடியிறதுக்கு ஒரு நாள் நிழல்ல சாத்தி வச்சு, மேல் வெட்டுக்குச் சாணி உருண்டை அப்பி அதுமேல சாக்குத் துணி கட்டி, ரெண்டடி ஆழத்துல நட்டு மண்ணைக் காலால நல்லா மிதிச்சு விட்டாரு, உள்ள காத்து இருந்தா வேர் வராதுன்னு சொன்னாரு. அது ஆவணிக் கடைசி. அடுத்து வந்த ஐப்பசி மழையில அது பாட்டுக்குத் துளிர்த்துச்சு. துளிர் வந்த உடனே புடிச்சிருச்சுன்னு நம்பாதீங்க, போத்துல இருக்கிற சத்துலயே ஒரு மாசம் துளிர் வரும், ரெண்டாவது தடவை தழை விட்டு அது நின்னாதான் வேர் புடிச்சதா அர்த்தம்.

இடம். இதுல மட்டும் தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. அத்தி பெரிய மரம், 50 அடி தாராளமா போகும், வேர் தண்ணியத் தேடி பக்கவாட்டுல ஓடும். வீட்டு அஸ்திவாரத்துலேர்ந்து நான் 30 அடி தள்ளி வச்சேன், கிணறு, செப்டிக் டேங்க், தண்ணித் தொட்டி எல்லாத்துலேர்ந்தும் அதே தூரம். ஆலமரம் மாதிரி விழுது விடாது, அதனால பயம் கொஞ்சம் கம்மி, ஆனாலும் 10 அடியில வைக்கிற மரம் இது கெடையாது. மூணு சென்ட் மனையில வீடு கட்டிட்டு மிச்ச இடத்துல அத்தி வைக்கணும்னு யாராவது கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லுவேன், அவங்க மந்தாரையோ பவளமல்லியோ வைக்கட்டும், அத்திய ஊர்ப் பொது இடத்துல, குளத்தங்கரையில, கோயில் திடல்ல வைக்கலாம். திசை பாத்தீங்கன்னா மேற்கு இல்லன்னா தென்மேற்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வர்ற வெயில்தான் செவுத்தைச் சுட வைக்கிது, அதை மறிச்சா போதும், காலை வெயில் வீட்டுக்குள்ள வரட்டும். மேல கரண்ட் கம்பி போகுதான்னு பாத்துக்கங்க, இல்லன்னா வருஷா வருஷம் லைன்மேன் வந்து தலைய வெட்டிட்டுப் போவாங்க.

மொத கோடை மட்டும்தான் கஷ்டம். எங்க மண்ணு மணல் கலந்த செம்மண், ஊத்துன தண்ணி உடனே எறங்கிடும். அதனால மரத்துக்கு ஒண்ணரை அடி தள்ளி பழைய மண்பானை ஒண்ணைப் பொதச்சு, அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டு அதுல துணித் திரி சொருகி, வாரத்துக்கு ரெண்டு தடவை பானைய ரொப்பி விட்டேன். கஜாவுல விழுந்த தென்னையோட மட்டை மலையாட்டம் கெடந்துச்சே, அதைத்தான் சுத்தி மூடாக்கா போட்டேன். அதுலயும் ஒரு பாடம், மட்டைய மரத்தோட ஒட்டிப் போட்டதால கரையான் ஏறி பட்டைய அரிக்க ஆரம்பிச்சுது, அப்புறம் ஒரு சாண் தள்ளி வட்டமா போட்டேன், சரியாயிடுச்சு. ஆடு பெரிய தொல்லை. அத்தித் தழைன்னா ஆட்டுக்கு உயிரு, வேலி இல்லாம ஒரு நாள் கூட விடாதீங்க. நான் சீமைக்கருவை முள்ள சுத்திக் கட்டி ரெண்டரை வருஷம் வச்சிருந்தேன். இப்ப கீழ்க் கிளைய கழிக்கிறப்ப அந்தத் தழை எங்க ஆட்டுக்குத்தான் போவுது, அதுங்களுக்கும் பங்கு உண்டு.

வளர்த்தியச் சொல்லணும்ல. நட்டப்ப தரைக்கு மேல அஞ்சடி. 2020 கடைசில ஒன்பதடி, 2021ல வீட்டு சன்ஷேடைத் தாண்டுச்சு, 2022 சித்திரைல அப்பா கட்டிலுக்குச் சாயந்தர நிழல் விழுந்துச்சு. மூணே வருஷம் கூட முழுசா ஆகல. அந்த மொத நாள் அப்பா கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு இலையவே பாத்துட்டு இருந்தாரு, ஒண்ணும் சொல்லல. அடுத்த தை மாசம் அவரு இல்ல. அந்த ஒரு கோடை அவருக்கு நிழல் கெடச்சுதுங்கிறது எனக்குப் போதும்.

நிழலப் பத்தி உண்மையச் சொல்லணும்னா வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்காது. வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை இலை கொட்டும், முழு மொட்டையா நிக்கிறது ரொம்பக் கொஞ்ச நாள்தான், அதுக்குள்ள இளந்தழை வந்துரும். எங்க மரம் மார்கழி தையில கொட்டும், அப்ப வெயில் வந்தாலும் நல்லதுதான். சித்திரை வைகாசில கும்முனு நிக்கும். கொட்டுற இலைய எரிக்காதீங்க, மரத்தடியிலயே ஒதுக்கி விடுங்க, மக்கி அதுக்கே உரமாயிடும்.

இலையில முடிச்சு முடிச்சா கொப்புளம் வரும், இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்கங்க. 2023 தொடக்கத்துல எங்க மரத்துல பாதி இலைக்கு மேல அப்படி ஆயிடுச்சு, பாக்க அம்மை போட்ட மாதிரி இருக்கும். நான் பயந்துட்டு இலைய எடுத்துக்கிட்டு பூச்சி மருந்துக் கடைக்குப் போனேன், அவங்க ஒரு பாட்டிலக் குடுத்து அடிங்கன்னாங்க, அடிச்சுட்டேன். அதுதான் இந்த ஆறு வருஷத்துல நான் ரொம்ப வருத்தப்படுற விஷயம். அந்தக் கொப்புளம் ஒரு சின்னஞ்சிறு பூச்சி இலைக்குள்ள முட்டை வச்சு அதோட குஞ்சு வளர்ற வீடு, நாட்டு அத்தி எங்க இருந்தாலும் அது இருக்கும், மரத்தைச் சாகடிக்காது, இலை கொட்டுறப்ப அதுவும் சேந்து கொட்டிரும். நான் மருந்தடிச்ச சமயம் எதுன்னா அடிமரத்துல மொத மொதல்ல பட்டாணி பட்டாணியா காய் விட ஆரம்பிச்ச சமயம். ஒரு வாரம் பத்து நாள்ல எல்லாக் காயும் மஞ்சளாகி உதிந்து போச்சு, ஒண்ணு கூட நிக்கல. ஏன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சப்பதான் இந்த மரத்தைப் பத்தியே எனக்குப் புரிஞ்சுது.

அத்தி பூத்தாப்புலன்னு சொல்றோம்ல, அத்தி பூக்காம இல்ல, தினம் நம்ம கண்ணு முன்னாடி பூத்துக்கிட்டுத்தான் இருக்கு, பூவெல்லாம் காய்க்குள்ள இருக்கு. காய்னு நாம சொல்றது நெசத்துல உள்பக்கமா திருப்பி வச்ச பூங்கொத்து. அதுக்கு மகரந்தம் கொண்டு வரணும்னா தேனீயால முடியாது, அத்திக்குன்னே ஒரு குளவி இருக்கு, கொசுவ விடச் சின்னது, ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். செரட்டோசோலன்ங்கிற பேரினத்துல ஒரு வகை. பொண்ணு குளவி காய் நுனியில இருக்கிற ஓட்டை வழியா நெருக்கிக்கிட்டு உள்ள போகும், போறப்பவே இறக்கை பிஞ்சிரும், இனிமே வெளிய வர முடியாது. உள்ள போயி, கொண்டு வந்த மகரந்தத்தைப் பூவுல தடவி, கொஞ்சம் பூவுல முட்டை வச்சுட்டு அங்கயே செத்துப் போகும். முட்டை வச்ச பூவுல குளவி வளரும், மிச்ச பூவுல விதை வளரும். ஒரு மாசம் கழிச்சு இறக்கையே இல்லாத ஆண் குளவி மொதல்ல பொறந்து, பொண்ணுங்களோட சேந்துட்டு, வெளிய போக வழி குடைஞ்சு குடுத்துட்டுச் செத்துரும். பொண்ணுங்க மகரந்தத்தை எடுத்துக்கிட்டு அந்த வழியா வெளிய வந்து வேற மரம் தேடிப் பறக்கும், ஆயுசு ஒரு நாள், ரெண்டு நாள், அவ்வளவுதான். அந்தக் குளவி வரலன்னா காய் மஞ்சளாகி உதிந்துரும். அத்திப்பழத்தைப் புட்டுப் பாத்தா அத்தனையும் புழுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன், அந்தப் புழுதான் மரத்துக்கே மூலம்னு 40 வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது.

இந்தக் குளவி இந்த மரத்துக்கு மட்டும்தான், ஆலுக்கு வேற, அரசுக்கு வேற. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல ரெனீ போர்ஜஸ்னு ஒரு பேராசிரியர் வருஷக்கணக்கா நம்ம நாட்டு அத்தியையும் அதோட குளவியையும் வச்சே ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, காய் விடுற வாசம் பகலுக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணுன்னு மாறுறது வரைக்கும். பகல்ல குளவியக் கூப்பிடணும், பழுத்தப்புறம் ராத்திரில வௌவாலக் கூப்பிடணும். ஆப்பிரிக்காவுல நமீபியா பாலைவனத்துல இதோட சொந்தக்கார அத்தி ஒண்ணு இருக்கு, அங்க குளவி காத்தோட போயி 160 கிலோமீட்டர் தள்ளி நிக்கிற மரத்துக்கு மகரந்தம் கொண்டு போயிருக்குன்னு 2009ல கண்டுபிடிச்சிருக்காங்க. புதாத்துக் கரை எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டர்தான், அதனால குளவி வந்து சேரும்ங்கிற நம்பிக்கை வந்துச்சு. மருந்து அடிச்சதாலதான் மொதக் காய் போச்சுன்னு நான் நெனைக்கிறேன், அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அந்த மரத்துல ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல. நீங்களும் அடிக்காதீங்க, பக்கத்து வயல்ல அடிக்கிறப்ப காத்து உங்க மரத்துப் பக்கம் அடிச்சா அவங்ககிட்ட நேரம் மாத்தி அடிக்கச் சொல்லி நயமாப் பேசிப் பாருங்க.

2024 பங்குனில மறுபடி காய். இந்தத் தடவை ஒரு காலைல கண்ணாடியப் போட்டுக்கிட்டு கிட்டப் போயி பாத்தேன், காய் மேல கரும்புள்ளி மாதிரி ரெண்டு மூணு ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணு நுனி ஓட்டைல தலைய விட்டு முண்டிக்கிட்டு இருக்கு. நான் அங்கயே அரை மணி நேரம் நின்னேன், அம்மா டீ ஆறுதுன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. காய் நின்னுச்சு. எலுமிச்சங்காய் அளவு வந்து, ஒரு மாசத்துக்கு மேல ஆகி செவந்து பழுத்துச்சு.

அதுக்கப்புறம் வந்ததுங்களச் சொல்றேன். மொத நாளே செம்மார்புக் குக்குறுவான், பச்சை உடம்பு, நெத்தியில செவப்பு, அது டுக் டுக் டுக்னு கன்னான் செம்பு தட்டுற மாதிரி கத்துறது எங்க ஊர்ல எப்பவும் கேக்கும், ஆளைப் பாத்தது இந்த மரத்துலதான். சின்னான், மைனா, மாங்குயில், குயில்ல ஆணு கருப்பும் பொண்ணு புள்ளியும். ஒரு மார்கழிக் காலைல அஞ்சு பச்சைப்புறா, மஞ்சள் காலு, இலையோட இலையா உக்காந்துருக்கும், அசைஞ்சாதான் தெரியும். தவிட்டுக்குருவி கூட்டம் கீழ விழுந்த பழத்துல இருக்கிற பூச்சிக்கு வரும். அணிலு சொல்லவே வேணாம். ராத்திரில வௌவால் ரெண்டு வகை, பெருசு மரத்துலயே தொங்கித் திங்கும், சின்னது பழத்தைக் கவ்விக்கிட்டுப் போயி வேற எடத்துல வச்சுத் தின்னு துப்பும். மரநாய் வருதுன்னு காலைல சுத்துச்செவுத்து மேல கெடக்கிற எச்சத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுது, பூரா அத்தி விதை. பழமே இல்லாத மாசத்துலயும் மரம் காலியா இருக்காது. கருப்பும் பழுப்புமா ஓரத்துல வெள்ளைப் புள்ளி வச்ச ஒரு பட்டாம்பூச்சி இளந்தழையில முட்டை வைக்கும், அரளியில வைக்கிறதும் அதுதான். அதோட கூட்டுப்புழு இலைக்கு அடியில தொங்குறத பாருங்க, வெள்ளிய உருக்கி ஊத்துன மாதிரி பளபளக்கும், என் பொண்ணு அதைக் காதுல போடுற தொங்கட்டான்னு நெனச்சு எடுக்கப் போனா.

வேற பழமெல்லாம் ஒரு சீசன்தான். அத்தி வருஷத்துல ரெண்டு மூணு தடவை காய்க்கும், ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நேரத்துல, அதனால ஊரைச் சுத்தி நாலு அத்தி இருந்தா எந்த மாசமும் எங்கயாவது பழம் இருக்கும். கஜாவுக்கு அப்புறம் எங்க ஊர்ல குருவிச் சத்தமே கொறஞ்சு போயிருந்துச்சு, கூடு கட்ட மரமில்ல, திங்கப் பழமில்ல. ஒத்தை மரம் இவ்வளவத் திருப்பிக் கொண்டு வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல.

தொந்தரவு இல்லியான்னா இருக்கு, மறைக்க மாட்டேன். பழக் காலத்துல மூணு வாரம் மரத்தடி பிசுபிசுன்னு இருக்கும், ஈ வரும், புளிச்ச வாடை அடிக்கும். தினம் காலைல கூட்டி எருக்குழியில போட்டா சரியாப் போகும், விட்டா வாடை அதிகமாகும். வண்டிய அடியில நிறுத்தாதீங்க. வெள்ளையடிச்ச செவுரு பக்கத்துல இருந்தா வௌவால் துப்புறது கறையாகும். வௌவால் கடிச்ச பழத்தைப் புள்ளைங்க எடுத்துத் திங்காம பாத்துக்கங்க, 2018ல கோழிக்கோட்டுல நிபா வந்தப்பலேர்ந்து எங்க வீட்டுல அது கண்டிப்பான விதி. அதுக்காக வௌவால வெரட்டணும்னு இல்ல, கீழ விழுந்தத தொடாம இருந்தா போதும், கூட்டுறப்ப கையில ஒரு உறை போட்டுக்கங்க.

கிளை கழிக்கிறவங்களுக்கு ஒண்ணு. அடிமரத்துல முண்டு முண்டா இலையே இல்லாத குட்டைக் குச்சிங்க நீட்டிக்கிட்டு இருக்கும், பாக்க அசிங்கமா காஞ்ச குச்சி மாதிரி தெரியும். 2024 ஆவணில கீழ்க் கிளை ரெண்டக் கழிக்க ஒருத்தரக் கூப்பிட்டேன், நல்ல வேலைக்காரர், நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மரத்தைச் சுத்தம் பண்ணிட்டேன் அண்ணேன்னு அந்த முண்டையெல்லாம் வழுவழுன்னு சீவி வச்சுட்டாரு. பழக்கொத்து வர்றதே அந்த முண்டுலதான். அந்தத் தடவை அடியில காயே இல்ல, மேல்கிளையில கொஞ்சம். அவரு மேல தப்பில்ல, நான் சொல்லிட்டுப் போயிருக்கணும். கழிக்கிறதா இருந்தா தலைக்கு இடிக்கிற கிளைய மட்டும், அதுவும் மழைக்கு முன்னாடி, ஒரு வருஷத்துல மூணு கிளைக்கு மேல வேணாம். பால் கண்ணுல பட்டுறப் போவுது, பாத்துக்கங்க.

இன்னொரு வேலையும் இப்ப சேந்திருக்கு. பறவை எச்சத்துல விதை விழுந்து கிணத்துச் செவுரு, மொட்டை மாடி ஓரம், செப்டிக் டேங்க் வெடிப்புன்னு கண்ட எடத்துலயும் அத்திக் கன்னு மொளைக்கிது. விரல் நீளம் இருக்கிறப்பவே ஈரத்தோட புடுங்கிடணும், மழை மறுநாள் புடுங்குனா வேரோட வந்துரும், பென்சில் கனம் ஆயிட்டா செவுத்தை விடாது. மாசத்துக்கு ஒரு தடவை நானும் பொண்ணும் சுத்தி வந்து புடுங்குவோம். நல்ல வேரோட வர்றத அம்மா தூக்கிப் போட விடமாட்டாங்க, பால் பாக்கெட்டுல மண்ணை அள்ளி அதுல வச்சு துணி தொவைக்கிற கல்லு ஓரமா வரிசையா அடுக்கிருக்காங்க. போன வாரம் எண்ணுனோம், 19 இருக்கு. நாலு அத்தாச்சி வீட்டுக்கு, அவங்க கொல்லை பெருசு. ரெண்டு ஸ்கூல்ல கேட்டுருக்காங்க. மீதிய ஐப்பசி மழை புடிச்சதும் ஏரிக்கரையில நடலாம்னு இருக்கோம், அதுக்குள்ள முள்ளு வெட்டி வைக்கணும்.